87 சதவீதம்: 1964-ல் மிசிசிப்பி வாக்களித்த விதம்

1964 நவம்பர் 3 அன்று நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் லிண்டன் ஜான்சன் நாடு முழுவதும் 61 சதவீத வாக்குகளை அள்ளினார். 44 மாநிலங்கள் அவர் பக்கம் போயின. எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் பாரி கோல்ட்வாட்டருக்குக் கிடைத்தவை ஆறே மாநிலங்கள்: சொந்த மாநிலமான அரிசோனா, ஆழ்தெற்கு என்று அழைக்கப்படும் பகுதியில் அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, தென் கரோலினா, மிசிசிப்பி. மற்ற ஐந்தையும் விட்டு மிசிசிப்பியை மட்டும் எடுத்துப் பார்த்தால் எண்கள் திகைக்க வைக்கின்றன. கோல்ட்வாட்டருக்கு 3,56,528 வாக்குகள். ஜான்சனுக்கு 52,618. சதவீதத்தில் 87.14-க்கு 12.86. மாநிலத்தின் 82 கவுண்டிகளில் ஒன்றில்கூட ஜான்சன் முந்தவில்லை.

இதே மாநிலத்தில் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1960-ல், குடியரசுக் கட்சி வேட்பாளர் ரிச்சர்ட் நிக்சன் 25 சதவீதத்தைக்கூடத் தொடாமல் மூன்றாம் இடத்தில் நின்றார். அதற்கு முன் குடியரசுக் கட்சி மிசிசிப்பியில் வென்றது 1872-ல், யுலிசஸ் கிராண்ட் போட்டியிட்டபோது. இடையில் 92 ஆண்டுகள். 1936-ல் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட்டுக்கு 97 சதவீதம் கொடுத்த மாநிலம் இது. அப்படிப்பட்ட மண் ஒரே தேர்தலில் தலைகீழாகப் புரண்டதற்கு வரலாற்றுப் புத்தகங்கள் சொல்லும் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜான்சன் 1964 ஜூலை 2 அன்று குடிமை உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்டார். செனட்டில் அந்தச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த 27 பேரில் கோல்ட்வாட்டரும் ஒருவர். தெற்கின் வெள்ளையர்கள் கோபத்தில் கட்சி மாறினார்கள்.

இந்த விளக்கத்தில் பிழை இல்லை. ஆனால் இது வாக்களித்தவர்களைப் பற்றிய விளக்கம். மிசிசிப்பி என்ற மாநிலத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் இன்னொரு கணக்கையும் போட்டாக வேண்டும்.

1960 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதை எட்டிய வெள்ளையர்கள் 7,48,266 பேர். வெள்ளையர் அல்லாதவர்கள், ஏறக்குறைய அனைவரும் கறுப்பினத்தவர், 4,22,256 பேர். மொத்தம் 11 லட்சத்து 70 ஆயிரத்துச் சொச்சம். 1964-ல் பதிவான வாக்குகள் 4,09,146. அதாவது வயது வந்தோரில் மூன்றில் ஒருவரைவிடச் சற்றே அதிகமானவர்கள்தான் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். கோல்ட்வாட்டரின் 87 சதவீதத்தை வயது வந்தோர் அனைவருக்கும் எதிராக வைத்துப் பார்த்தால் 30 சதவீதத்தை ஒட்டி வந்து நிற்கிறது. மீதி 70 சதவீதத்தில் வாக்களிக்க விரும்பாதவர்களும் உண்டு. வாக்களிக்க விடப்படாதவர்களும் உண்டு. கறுப்பினத்தவரில் வாக்காளராகப் பதிவாகியிருந்தவர்கள் 6.7 சதவீதம், ஏறத்தாழ 28,500 பேர். வெள்ளையரில் பதிவானவர்கள் 70 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைக்காமல் 87 என்ற எண்ணைத் தனியாகச் சொல்வது வாசகரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும் என்றே கருதுகிறேன்.

வாக்காளர் பட்டியல் இப்படி ஆனது தற்செயலாக அல்ல. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தில் மிசிசிப்பியின் கறுப்பின ஆண்கள் வாக்களித்தார்கள், சட்டமன்றத்தில் அமர்ந்தார்கள். அமெரிக்க செனட்டின் முதல் கறுப்பின உறுப்பினர் ஹைரம் ரெவல்ஸ் 1870-ல் அங்கிருந்துதான் போனார். பின்னர் பிளான்ச் புரூஸ் போனார். 1875 தேர்தலில் துப்பாக்கியும் மிரட்டலும் அந்தக் காலத்துக்கு முடிவு கட்டின. ஆனாலும் வன்முறையை ஒவ்வொரு தேர்தலிலும் புதிதாக நடத்த வேண்டியிருந்தது. அதைச் சட்டமாக்கிவிட்டால் அந்தச் சிரமம் இல்லை. 1890-ல் ஜாக்சன் நகரில் கூடிய அரசியல் சாசன மாநாட்டின் நோக்கம் இதுதான். மாநில மக்களில் பாதிக்கும் மேல் கறுப்பினத்தவராக இருந்த காலம் அது. மாநாட்டின் 134 பிரதிநிதிகளில் கறுப்பினத்தவர் ஒருவர் மட்டுமே. எழுதி முடித்த சாசனத்தை மக்களின் வாக்கெடுப்புக்கு விடவும் இல்லை.

அந்தச் சாசனத்தில் இனம் என்ற சொல்லை வாக்குரிமைப் பிரிவுகளில் தேடினாலும் கிடைக்காது. ஆண்டுக்கு 2 டாலர் தலைவரி, மாநிலத்தில் இரண்டு ஆண்டு வசிப்பு, சில குற்றங்களுக்குத் தண்டனை பெற்றால் வாக்குரிமை பறிப்பு, சாசனத்தின் எந்தப் பிரிவையாவது படிக்கவோ, படித்துக் காட்டினால் புரிந்துகொள்ளவோ, அதற்கு நியாயமான விளக்கம் தரவோ தெரிந்திருத்தல். எது நியாயமான விளக்கம் என்பதை முடிவு செய்பவர் கவுண்டியின் பதிவாளர். எழுத்தறியாத வெள்ளையரை உள்ளே விடவும், படித்த கறுப்பினத்தவரை வெளியே நிறுத்தவும் ஒரே வாசகம் போதுமானதாக இருந்தது. 1898-ல் உச்ச நீதிமன்றம், வில்லியம்ஸ் எதிர் மிசிசிப்பி வழக்கில், வாசகத்தில் பாகுபாடு இல்லை என்று சொல்லி இதை அனுமதித்தது. சாசனம் வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே கறுப்பின வாக்காளர்களின் எண்ணிக்கை 10,000-க்கும் கீழே இறங்கியது.

1954-ல் பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அதே ஆண்டில் மிசிசிப்பி இந்தத் தேர்வை மேலும் இறுக்கியது. படிக்கவோ விளக்கவோ தெரிந்தால் போதும் என்றிருந்தது, படிக்கவும் எழுதவும் விளக்கவும் தெரிய வேண்டும் என்று மாறியது. 1954 ஜனவரி 1-க்கு முன் பதிவானவர்களுக்கு இந்தத் தேர்வு கிடையாது. ஏற்கெனவே பதிவானவர்கள் யார் என்று விளக்க வேண்டியதில்லை. 1960-ல் நல்லொழுக்கம் என்ற நிபந்தனை வந்தது. 1962-ல், பதிவுக்கு விண்ணப்பிப்பவர்களின் பெயரையும் முகவரியையும் உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு வாரம் வெளியிட வேண்டும் என்று சட்டம் வந்தது. பண்ணை முதலாளி, கடன் கொடுத்தவர், வீட்டுச் சொந்தக்காரர் என எல்லோரும் அந்தப் பட்டியலைப் படிப்பார்கள் என்பது சட்டம் செய்தவர்களுக்குத் தெரியும்.

இந்த ஏற்பாடு ஒரு மனிதர் மீது எப்படி இறங்கியது என்பதற்கு ஃபேனி லூ ஹேமரின் அனுபவம் போதும். சன்ஃபிளவர் கவுண்டியில் ரூல்வில் ஊருக்கு வெளியே ஒரு பருத்திப் பண்ணையில் 18 ஆண்டுகளாக வாரத்துக்கு உழுதுவந்த குடும்பம் அவருடையது. 1962 ஆகஸ்ட் 31 அன்று, வேறு 17 பேருடன் ஒரு வாடகைப் பேருந்தில் ஏறி, பதிவு செய்துகொள்ள இண்டியனோலா நகருக்குப் போனார். 1954-ல் வெள்ளைக் குடிமக்கள் மன்றம் என்ற இனப் பிரிவினை அமைப்பு பிறந்த ஊர் அதே இண்டியனோலாதான். பதிவாளர் அவரிடம் மாநில சாசனத்தில் ஒரு பிரிவைக் கொடுத்து எழுதி விளக்கச் சொன்னார். சட்டப்படி அமையாமல் நடைமுறையில் மட்டும் நிலவும் சட்டங்களைப் பற்றிய பிரிவு அது. வழக்குரைஞர்களே நின்று யோசிக்கும் விஷயம். ஹேமர் தேறவில்லை. திரும்பும் வழியில் காவலர்கள் பேருந்தை மறித்து, வண்டியின் நிறம் சரியில்லை என்று ஓட்டுநருக்கு அபராதம் போட்டார்கள். அன்று மாலையே பண்ணை முதலாளி வந்து, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறாவிட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்றார். அன்றிரவே அவர் கிளம்பிவிட்டார். 1963 ஜனவரியில் மீண்டும் தேர்வெழுதித் தேறினார். அப்போதும் வாக்களிக்க முடியவில்லை. இரண்டு ஆண்டுத் தலைவரி ரசீது கையில் இல்லை. பதிவு கேட்கப் போன மனிதரிடம் அதுவரை கேட்டே இராத வரிக்கான ரசீதைக் கேட்டார்கள்.

அதே கவுண்டியில் டாட்ஸ்வில் பக்கம் பெரும் பண்ணை வைத்திருந்தவர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். அவர் அமெரிக்க செனட்டர். குடிமை உரிமை மசோதாக்கள் சென்று சேரும் நீதித்துறைக் குழுவின் தலைவரும் அவரே. ஒரே கவுண்டியின் இந்த இரண்டு பண்ணைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் மிசிசிப்பியின் அரசியல் முழுதாகப் புரியும்.

இப்போது 1964 முடிவின் உள்ளே போவோம். கோல்ட்வாட்டருக்கு மிக அதிக விகிதம் கொடுத்த கவுண்டி ஹோம்ஸ்: 96 சதவீதத்துக்கு மேல். இந்த கவுண்டியின் மக்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் கறுப்பினத்தவர். குடிமை உரிமைகள் சட்டத்தை எதிர்த்தவருக்குக் கறுப்பினப் பெரும்பான்மை உள்ள இடத்தில் இப்படி ஒரு வெற்றி கிடைப்பது வாக்காளர் பட்டியலைப் பார்க்காதவருக்குப் புதிராகவே இருக்கும். அரசியல் அறிஞர் வி. ஓ. கீ 1949-ல் தெற்கின் அரசியலை ஆராய்ந்து எழுதிய நூலில் இதற்கான திறவுகோல் இருக்கிறது: கறுப்பினத்தவர் நிறைந்த பகுதிகளில் வாழும் வெள்ளையர்களே இனப் பிரிவினையைக் காப்பதில் மிகக் கடுமையாக நின்றார்கள் என்பது அவருடைய வாதம். இழப்பதற்கு அவர்களிடம்தான் அதிகம் இருந்தது. ஹோம்ஸ் அந்த வாதத்தின் உச்ச எடுத்துக்காட்டு.

ஹோம்ஸ் கவுண்டியில் எதிர்ப்பு இல்லாமலும் இல்லை. அங்கே மைல்ஸ்டன் என்ற இடத்தில் ரூஸ்வெல்ட் ஆட்சிக் காலத்து விவசாயத் திட்டம் ஒன்றின் வழியாகக் கறுப்பினக் குடும்பங்களுக்குச் சொந்த நிலம் கிடைத்திருந்தது. வெளியேறு என்று சொல்ல முதலாளி இல்லாதவர்கள் அவர்கள். 1963 ஏப்ரல் 9 அன்று அவர்களில் 14 பேர் லெக்ஸிங்டன் நீதிமன்றத்துக்குப் பதிவு கேட்டுப் போனார்கள். முன்னே நடந்தவர் ஹார்ட்மன் டர்ன்போ. அடுத்த மாதம் அவர் வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது. சொந்த வீட்டுக்குத் தானே தீ வைத்தார் என்று அவரையே கைது செய்தார்கள். வாக்குரிமைப் போராட்டம் அந்த மாநிலத்தில் நிலச் சொந்தம் இருந்த இடங்களில் முதலில் வேர் பிடித்ததைக் கவனிக்கத் தோன்றுகிறது. ஹேமர் போன்றவர்கள் அது இல்லாமலே துணிந்தார்கள் என்பதையும்.

1964 கோடையில் வடக்கிலிருந்து சுமார் ஆயிரம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள், மிசிசிப்பிக்கு வந்தார்கள். விடுதலைக் கோடை என்று பெயர் பெற்ற இந்த முயற்சி தொடங்கிய சமயத்திலேயே, ஜூன் 21 அன்று, நெஷோபா கவுண்டியில் இதில் ஈடுபட்டிருந்த ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் மூவரும் கொல்லப்பட்டார்கள். உடல்கள் ஆகஸ்ட் 4 அன்று ஒரு மண் அணைக்குள் கண்டெடுக்கப்பட்டன. அந்தக் கோடையில் சுமார் 17,000 கறுப்பினத்தவர் நீதிமன்றப் படியேறிப் பதிவு கேட்டார்கள். ஏற்கப்பட்டவை சுமார் 1,600 விண்ணப்பங்கள்.

பட்டியல் அவர்களை ஏற்காததால் அவர்கள் தனியாக ஒரு தேர்தலை நடத்தினார்கள். 1963 நவம்பரில் ஆளுநர் தேர்தலையொட்டி நடந்த முதல் விடுதலை வாக்கெடுப்பில் 80,000-க்கு மேற்பட்டோர் தேவாலயங்களிலும் கடைகளிலும் வைத்த பெட்டிகளில் சீட்டுப் போட்டார்கள். வாக்களிக்க ஆர்வம் இல்லாததால்தான் கறுப்பினத்தவர் பதிவு செய்யவில்லை என்று மாநிலத் தலைவர்கள் சொல்லிவந்ததற்கு அதுவே பதில். 1964 அதிபர் தேர்தலையொட்டி மீண்டும் அப்படியொரு வாக்கெடுப்பு நடந்தது. அதில் ஜான்சனுக்கு 60,000-க்கு மேல் விழுந்தன. கோல்ட்வாட்டருக்கு விழுந்தவற்றைச் சுலபமாக எண்ணிவிடலாம். சட்டப்படி நடந்த தேர்தலில் மாநிலம் முழுவதும் ஜான்சன் பெற்றது 52,618 என்பதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். சட்டம் ஏற்காத பெட்டிகளில், மிரட்டலுக்கு நடுவே, சில நாட்களில் சேர்ந்த சீட்டுகள் அதைவிட அதிகம். 1964-ல் மிசிசிப்பி எப்படி வாக்களித்தது என்று கேட்பவர் இந்த இரண்டாவது எண்ணையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இத்தனைக்கும் ஜான்சன் அந்த மக்களுக்கு அந்த ஆண்டு பெரிதாக எதையும் செய்துவிடவில்லை. ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாடு கூடியபோது, வெள்ளையர்கள் மட்டுமே இருந்த மிசிசிப்பிக் குழுவுக்குப் பதில் தங்களை ஏற்க வேண்டும் என்று மிசிசிப்பி விடுதலை ஜனநாயகக் கட்சி கேட்டது. ஆகஸ்ட் 22 அன்று சான்றுக் குழுவின் முன் ஹேமர் சாட்சி சொன்னார். தொலைக்காட்சி அதை நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தபோது ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைக் கூட்டிக் கேமராக்களைத் தன் பக்கம் திருப்பினார். அன்றிரவு செய்திகளில் ஹேமரின் சாட்சியம் நாடெங்கும் ஒளிபரப்பானது. கடைசியில் பேரமாகக் கிடைத்தவை இரண்டு பொதுப் பிரதிநிதி இடங்கள். அவற்றில் உட்காரப் போகிறவர்களையும் மேலிடமே தேர்ந்தெடுத்தது. விடுதலைக் கட்சியினர் மறுத்துவிட்டார்கள். மறுபக்கம், கட்சிக்கு விசுவாசமாக இருப்போம் என்று கையெழுத்திட மனமில்லாத வெள்ளையர் குழு, மூன்று பேரைத் தவிர, மாநாட்டை விட்டு வெளியேறியது. இவ்வளவுக்குப் பிறகும் நவம்பரில் ஜான்சனுக்காக மிசிசிப்பியில் வேலை செய்தவர்கள் அட்லாண்டிக் சிட்டியில் ஏமாற்றப்பட்டவர்கள்தான்.

ஜான்சனின் 52,618 வாக்குகளில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. பதிவாகியிருந்த 28,500 கறுப்பினத்தவரும் ஒருவர் விடாமல் அவருக்கே வாக்களித்ததாக வைத்துக்கொண்டாலும், குறைந்தது 24,000 வெள்ளையர்கள் ஜான்சனுக்கு வாக்களித்திருக்க வேண்டும். சிறுபான்மைதான். ஆனால் 1964-ன் மிசிசிப்பியில் அப்படி வாக்களிப்பது எளிய காரியமாக இருக்கவில்லை. வடகிழக்கின் மேட்டுப் பகுதியில் பண்ணைகள் சிறியவை, கறுப்பினத்தவர் எண்ணிக்கையும் குறைவு. டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் மின்சாரம் 1930-களில் அங்கே வாழ்க்கையை மாற்றியிருந்தது. அந்த ஆணையத்தை விற்றுவிட வேண்டும் என்று பேசியவர் கோல்ட்வாட்டர். ஜான்சனுக்கு ஓரளவு பிடிப்பு இருந்தது அங்கேதான். லெக்ஸிங்டனில் பத்திரிகை நடத்திய ஹேசல் பிரான்னன் ஸ்மித், வெள்ளைக் குடிமக்கள் மன்றத்தை எதிர்த்துத் தலையங்கம் எழுதியதற்காக விளம்பரங்களை இழந்தார். அதே 1964-ல் அந்தத் தலையங்கங்களுக்குப் புலிட்சர் பரிசு பெற்றார். 96 சதவீத ஹோம்ஸ் கவுண்டியில்தான் அவரும் வாழ்ந்தார்.

87.14 என்ற எண்ணை இன்னொரு எண்ணோடும் ஒப்பிட வேண்டும். 1948-ல் அதிபர் ட்ரூமனின் குடிமை உரிமைத் திட்டத்தை எதிர்த்துப் பிரிந்துபோன தெற்கின் ஜனநாயகக் கட்சியினர் தென் கரோலினா ஆளுநர் ஸ்ட்ராம் தர்மண்டை அதிபர் பதவிக்கு நிறுத்தினார்கள். துணை அதிபர் வேட்பாளர் மிசிசிப்பி ஆளுநர் ஃபீல்டிங் ரைட். அந்த ஆண்டு மிசிசிப்பியில் தர்மண்டுக்கு 87.17 சதவீதம். 16 ஆண்டு இடைவெளியில், இரு வேறு கட்சிகளின் பெயரில், 0.03 புள்ளிதான் வித்தியாசம். எண்கள் இப்படிப் பொருந்தியது தற்செயலாக இருக்கலாம்; பொருந்திய வாக்காளர்கள் தற்செயல் இல்லை. தர்மண்டே 1964 செப்டம்பரில் குடியரசுக் கட்சியில் சேர்ந்து கோல்ட்வாட்டருக்காகப் பிரசாரம் செய்தார். ஆகவே 1964-ல் மிசிசிப்பி மாறிவிட்டது என்று சொல்வதற்கு முன் தயங்க வேண்டியிருக்கிறது. மாறியது சின்னம். அதே வகையான பட்டியல், அதே கேள்விக்கு, அதே பதிலைச் சொன்னது. குடியரசுக் கட்சிக்கே இது எதிர்பாராத பரிசுதான்: அந்த ஆண்டு மிசிசிப்பியில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு அது நிறுத்திய ஒரே வேட்பாளர், கோழிப்பண்ணை வைத்திருந்த பிரெண்டிஸ் வாக்கர், நெடுங்காலம் பதவியிலிருந்த ஜனநாயகக் கட்சிக்காரரை வீழ்த்தினார்.

பட்டியல் மாறியபோது என்ன நடந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. 1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் வந்தது. எழுத்தறிவுத் தேர்வுகள் நிறுத்தப்பட்டன. பதிவாளர்கள் மறுத்த இடங்களுக்கு மத்திய அரசின் அலுவலர்கள் வந்து பெயர்களை எழுதிக்கொண்டார்கள். 1967-க்குள் மிசிசிப்பியின் கறுப்பின வாக்காளர் பதிவு 6.7 சதவீதத்திலிருந்து 59.8 சதவீதமாகியது. வெள்ளையர் பதிவும் 90 சதவீதத்தைத் தாண்டியது. 1968 அதிபர் தேர்தலில் பதிவான வாக்குகள் 6,54,509. நான்கே ஆண்டுகளில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் அதிகம். இனப் பிரிவினையாளரான ஜார்ஜ் வாலஸ் 63 சதவீதத்தோடு வென்றார். ஜனநாயகக் கட்சியின் ஹூபர்ட் ஹம்ஃப்ரிக்கு 1,50,644 வாக்குகள், ஜான்சன் பெற்றதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. தெற்கின் வெள்ளையர் ஜனநாயகக் கட்சியை விட்டு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் கட்சியின் வாக்கு மும்மடங்கானது. அதற்கு முந்தைய ஆண்டே ஹோம்ஸ் கவுண்டி ராபர்ட் கிளார்க்கை மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்திருந்தது. மறுசீரமைப்புக் காலத்துக்குப் பிறகு அங்கே போன முதல் கறுப்பின உறுப்பினர் அவர். 2008-ல் இதே ஹோம்ஸ் 80 சதவீதத்துக்கு மேல் பராக் ஒபாமாவுக்குக் கொடுத்தது. 1964-க்கும் 2008-க்கும் இடையே அங்குள்ளவர்களின் மனம் அவ்வளவு மாறியிருக்கும் என்று நான் நம்பவில்லை. கேட்கப்பட்டவர்கள் மாறினார்கள்.

1890 சாசனத்தின் தலைவரியும் தேர்வும் போய்விட்டன. ஆனால் 241-ஆம் பிரிவு போகவில்லை. எந்தெந்தக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றால் வாக்குரிமை ஆயுளுக்கும் போகும் என்று சொல்லும் பிரிவு அது. கறுப்பினத்தவர் அதிகம் செய்வதாக அன்றைய மாநாட்டினர் கருதிய திருட்டு, மோசடி, தீவைப்பு முதலியவை பட்டியலில் இடம்பெற்றன. கொலையும் வன்புணர்வும் விடப்பட்டு 1968-ல்தான் சேர்க்கப்பட்டன. பறிபோன உரிமையைத் திரும்பப் பெற ஆளுநரின் மன்னிப்பு வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒருவருக்காகவே சட்டமன்றத்தின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை எதிர்த்த வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. வேறொரு வழக்கில் அதே ஆண்டு ஆகஸ்டில் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வு இது கொடுமையான தண்டனை என்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலையில் அந்நீதிமன்றத்தின் முழு அமர்வு அத்தீர்ப்பை மாற்றியது. அந்த ஆண்டு நவம்பரில் மிசிசிப்பி அதிபர் தேர்தலில் வாக்களித்தபோது 241-ஆம் பிரிவு நடைமுறையில் இருந்தது.